மூன்றாவது கேற்றில் பெயர் இல்லை

சாய்ந்தமருது
12.01.2025

அன்புத் தம்பி றிஸ்மிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மச்சானும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். நீ எப்படி? கட்டாரில் குளிர் என்று போன வெள்ளிக்கிழமை சொன்னாய். காதை மூடிக்கொண்டு படு. சின்ன வயதிலிருந்தே உனக்குக் காதால்தான் முதலில் குளிர் ஏறும்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். நம் வீட்டுப் போனைப் பற்றித் தெரியாதா? நீ 'ஹலோ' என்றதும் மச்சான் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். பிறகு நீ கதைப்பது அடுத்த வீட்டுக் கோழிக்கும் கேட்கும். இது கல்யாண விஷயம். ஆகவே தபால்தான்.

நிந்தவூரில் உனக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தேன். பெயர் நுஸ்ரத். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் கலந்தரின் கடைசி மகள். அதிபர் மூன்று மகள்களுக்கும் மூன்று வீடு கட்டி வரிசையாக வைத்திருக்கிறார். நம் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை வந்து குடியேற வேண்டியதுதான் பாக்கி. மூன்று வீட்டுக்கும் மூன்று கேற். ஒவ்வொரு கேற்றுத் தூணிலும் கறுப்புக் கல்லில் தங்க எழுத்து. முதல் கல்லில் மூத்த மருமகனின் பெயர், கீழே 'எம்.பி.பி.எஸ்., வைத்தியர்'. அடுத்ததில் இரண்டாவது மருமகனின் பெயர், கீழே 'பி.எஸ்சி., பொறியியலாளர்'. மூன்றாவது கல்லில், தம்பி, பெயரே இல்லை! மேல் பாதி வழவழவென்று வெறும் கல். கீழே மட்டும் 'எல்.எல்.பி., சட்டத்தரணி' என்று மினுங்குகிறது.

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதை அதிபர் கண்டுவிட்டார்.

"ஒரே கல்லுப் பலகைய மூண்டா வெட்டினது, புள்ள. எழுத்து வெட்டுற ஆள் தூரத்தில இருந்து வந்தவர். அதால மூண்டு பட்டத்தையும் முதல்ல வெட்டி வெச்சிட்டன். பேர் வெட்டுறது சின்ன வேலதானே? டொக்டரும் இஞ்சினியரும் நினைச்ச மாதிரியே வந்திட்டாங்க. லோயர் மட்டும் வராமப் போவாரா?"

கல் வைத்து நாலைந்து வருடமாகிறதாம். லோயர் இன்னும் வரவில்லை.

பெண் நல்ல பெண். வீட்டில் பிள்ளைகளுக்கு ஆங்கில ட்யூஷன் கொடுக்கிறாள். மீதி நேரமெல்லாம் ஏதோ படிப்பாம். என்ன படிப்பு என்று கேட்டேன். அவளுடைய உம்மா பாத்தும்மா, "என்னமோ முடியாத படிப்பு" என்று சொல்லி எனக்கு இன்னொரு துண்டு வட்டிலப்பம் வைத்தார். வட்டிலப்பமும் நல்ல வட்டிலப்பம்.

பிறகு அதிபர், "தம்பி என்ன படிச்சவர்?" என்று கேட்டார். ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். அதைப் பற்றி நீ யோசிக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் நலத்துக்குத் துஆச் செய்யும்,
ராத்தா ஜுனைதா


தோஹா
02.02.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நான் சுகம். காதும் சுகம். மச்சானின் முழங்கால் வலி எப்படி? பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா, அல்லது வழக்கம்போல வயிற்று வலியா?

கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். வட்டிலப்பம் இருக்கிறது, கல் இருக்கிறது, கோழிகூட இருக்கிறது. நீங்கள் அதிபரிடம் சொன்ன பதில் மட்டும் இல்லை. உங்களை எனக்குத் தெரியாதா? 'யோசிக்காதே' என்று எழுதினால் யோசிக்க வேண்டிய விஷயம் என்று அர்த்தம்.

ராத்தா, நான் பாண் போடுகிறவன். விடிய முன் எழும்பி, பெரிய ஹோட்டலின் அடுப்படியில் ஊர் முழுக்கத் தின்னுமளவுக்குச் சமூன் ரொட்டி சுடுகிறேன். தலைமை பேக்கர் என்று தொப்பியும் தந்திருக்கிறார்கள். வாப்பாவின் கைப்பழக்கம் எனக்கும் வந்திருக்கிறது என்று சந்தோஷமாக இருக்கிறேன். ஆனால் உயர்தரப் பரீட்சையில் கணிதப் பிரிவு எடுத்து மூன்று பாடத்திலும் விழுந்தவன் என்பது சாய்ந்தமருதில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நிந்தவூர் என்ன தூரமா?

அதிபரிடம் என்ன சொன்னீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள்.

பெண் என்ன சொன்னாள் என்றும் எழுதவில்லை. சிரித்தாளா? கதைத்தாளா? சும்மாதான் கேட்கிறேன்.

அன்புடன்,
றிஸ்மி


சாய்ந்தமருது
20.02.2025

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். எல்லோரும் நலம். மச்சானின் முழங்கால் பரவாயில்லை, வேலை சொன்னால்தான் வலிக்கிறது. வேளாண்மை வெட்டி முடிந்தது. ரோட்டெல்லாம் நெல் காய்கிறது, ஆட்டோக்காரர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு சுற்றிப் போகிறார்கள். சூரை மீன் மலிவு. சின்னவன் பல் விழுந்து அழகாக இருக்கிறான்.

பெண் சிரித்தாள். நான் சொன்ன பதிலைக் கேட்டுத்தான் சிரித்தாள்.

சரி, எழுதிவிடுகிறேன். நீ இலண்டன் வெளிவாரிப் பட்டத்துக்குச் சட்டம் படிக்கிறாய், முடியப் போகிறது, பேக்கரி வேலை சும்மா கைச்செலவுக்கு என்று சொல்லிவிட்டேன். அதிபரின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பெருநாள் பிறை கண்டவர் மாதிரி எழும்பி நின்றார்.

கோபப்படாதே. என் கல்யாணக் கார்ட் உனக்கு நினைவிருக்காது, நீ சின்னவன். மாப்பிள்ளை பக்கத்தில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வால் இருந்தது. ஒருவர் பி.ஏ., ஒருவர் ஆசிரியர், ஒருவர் சமாதான நீதவான். நம் பக்கத்தில் 'மீராசாஹிபு' என்று வாப்பாவின் பெயர் மட்டும். அச்சகத்தார் எனக்குப் போன் எடுத்து, "தங்கச்சி, இந்த வரி அரகுறையா நிக்குது. மிச்சத்த அனுப்ப மறந்திட்டீங்களா?" என்று கேட்டார். போனை வைத்துவிட்டு அழுதேன். வாப்பாவிடம் சொல்லவே இல்லை. அவர் சுட்ட பாணைத் தின்னாத வீடு இந்த ஊரில் இருந்ததா? ஆனாலும் கார்டில் அவர் அரைகுறை. அந்தக் கல்லைக் கண்டதும் அதுதான் ஞாபகம் வந்தது. உன்னையும் யாரும் அப்படிப் பார்க்கக் கூடாது என்று வாய் தானாகத் திறந்துவிட்டது.

அவர்களுக்குச் சம்மதமான மாதிரித்தான் இருக்கிறது. பாத்தும்மா மாமி, பிள்ளைகள் ஒரு தரம் கதைத்துப் பார்க்கட்டும் என்று நுஸ்ரத்தின் நம்பர் தந்திருக்கிறார். பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கதைக்கும்போது சட்டத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்காதே.

துஆவுடன்,
ராத்தா


தோஹா
06.03.2025

ராத்தா,

ஸலாம். நோன்பு நன்றாகப் போகிறதா? பிள்ளைகள் எத்தனை நோன்பு பிடித்தார்கள்? நான் நலம்.

உங்கள் கடிதத்தை வாசித்துக் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. பிறகு வாப்பாவின் கதையை வாசித்து நானும் அழுதுவிட்டேன். கண்ணைத் துடைத்ததும் மறுபடியும் கோபம்.

இலண்டனா, ராத்தா? பக்கத்திலிருக்கும் ஒலுவில் பல்கலைக்கழகம் என்றாவது சொல்லியிருக்கலாம்.

நன்றாகக் கேளுங்கள். அந்த வீட்டில் வாழப் போகிறவன் நான். ஒவ்வொரு நாளும் அந்தக் கேற்றைத் திறந்து, அந்தக் கல்லைத் தாண்டித்தான் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போக வேண்டும். பொய்க்குப் பக்கத்தில் என் பெயரை வெட்டி வைத்தால் எப்படி நிமிர்ந்து போவேன்? வாப்பா பெயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லாமலேயே நிமிர்ந்துதான் நடந்தார்.

பெருநாளைக்கு முதல் போய் உண்மையைச் சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லட்டும்.

நம்பர் கிடைத்தது.

றிஸ்மி


சாய்ந்தமருது
02.04.2025

அன்புத் தம்பிக்கு,

பெருநாள் வாழ்த்து. உன் பணத்தில் பிள்ளைகளுக்கு உடுப்பு எடுத்தோம், எல்லோரும் உன் பெயர் சொல்லி உடுத்தார்கள். நீ தனியாகப் பெருநாள் சாப்பாடு சாப்பிட்டாய் என்று நினைக்கத்தான் கவலையாக இருக்கிறது. அடுத்த பெருநாளைக்கு ஊரில் இருக்க வேண்டும்.

சொல்லத்தான் போனேன். வல்லாஹி, சொல்லத்தான் போனேன். பெருநாள் இனிப்புக்குத் தொதல் கிண்டி எடுத்துக்கொண்டு, ஆட்டோவில் காரைதீவு தாண்டும் வரைக்கும் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். நான் கதிரையில் இருக்கவும் இல்லை, அதிபர் ஒரு கடதாசியோடு வந்துவிட்டார்.

"வாங்க புள்ள, நல்ல நேரத்தில வந்தீங்க. நம்மட மருமகனுக்கு ஒரு வழக்கு இரிக்கி."

மருமகன் என்றார், தம்பி! அதற்குப் பிறகு என் நாக்கு எங்கே புரளும்?

விஷயம் இதுதான். சம்மாந்துறை வட்டையில் அதிபருக்கு வயல். பக்கத்து வயல் சொறிக்கல்முனைக் கந்தப்போடி அண்ணனுடையது. அவருடைய நெல் வெட்டும் மெஷின் அதிபரின் வயல் ஓரத்தால்தான் வருடக்கணக்காகப் போய் வருகிறது. இந்தப் போகம் ஏதோ வாய்த்தர்க்கம். இவர் "வேலி அடைப்பன்" என்று சொல்ல, அவர் "இது எங்கட பாதை" என்று சொல்ல, ஒன்றாகத் தேத்தண்ணீர் குடித்தவர்கள் இப்போது முகம் பார்ப்பதில்லை. வேலி அடைக்கலாமா, வழக்குப் போட்டால் வெல்லலாமா என்று மருமகனிடம் கேட்டு எழுதச் சொன்னார். கடதாசியை இதோடு வைத்திருக்கிறேன்.

நான் என்ன செய்ய? பயமாக இருக்கிறது. சின்னதாக ஒரு சந்தோஷமும் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாதே.

உன் ராத்தா


தோஹா
24.04.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

ஸலாம். நலம், நலமறிய ஆவல். இங்கே வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. மனசுக்கு மட்டும் நல்ல காற்று.

வழக்குக்குப் பதில் தனித் தாளில் இருக்கிறது. அதிபரிடம் அப்படியே கொடுங்கள். சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், வீட்டில் எல்லோரும் இருக்கும்போது.

நீங்களும் வாசித்துப் பார்ப்பீர்கள் என்று தெரியும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். அனுமதி கேட்டுப் போகிற வழி எத்தனை வருடம் போனாலும் பாத்தியதை ஆகாது. கேட்காமல், தன் பாதை என்று நினைத்துக்கொண்டே பத்து வருடத்துக்கு மேல் போயிருந்தால்தான் வில்லங்கம். கந்தப்போடி ஒவ்வொரு போகமும் அதிபரிடம் கேட்டுவிட்டுத்தானே மெஷின் இறக்குவார்? அதை இரண்டு பேரும் ஒரு தாளில் எழுதி ஒப்பம் வைத்தால் போதும். வேலியும் வேண்டாம், வழக்கும் வேண்டாம். வழியை அடைத்தால் அந்த மனிதரின் விளைந்த நெல் வயலிலேயே கிடந்து கொட்டுப்படும் என்பதையும் யோசிக்கச் சொல்லியிருக்கிறது.

நான் கோபமாக இல்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

அன்புடன்,
றிஸ்மி


சாய்ந்தமருது
18.05.2025

என் தங்கத் தம்பிக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம். நீயும் சுகமாக, கண்ணூறு படாமல் இருக்க வேண்டும். படக்கூடிய அளவுக்குக் காரியம் நடந்துவிட்டது.

அதிபர் விறாந்தையில் எல்லோரையும் இருத்தி உன் பதிலை வாசித்தார். வாசித்து முடித்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "பாருங்க! சட்டமும் இரிக்கி, மனிசத்தனமும் இரிக்கி. இதுதான் படிப்பு. சிங்கம்!" என்றார். அடுத்த நாளே சொறிக்கல்முனைக்குப் போயிருக்கிறார்.

"கந்தப்போடி, நீங்க ஒவ்வொரு போகமும் என்னட்டக் கேட்டுத்தானே போறீங்க?"

"ஓம் சேர், கேக்காமப் போவனா? வேலியடைப்பன் எண்டு நீங்க சத்தம் போட்டதாலதானே நானும் வாயக் குடுத்தன்!"

ஒப்பமும் வைத்தாயிற்று. கந்தப்போடி அண்ணன் சட்டி நிறைய எருமைத் தயிர் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். நானும் தின்றேன்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த நுஸ்ரத்துக்குச் சிரிப்பா இருமலா தெரியவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்கு ஓடிவிட்டாள். அப்போது பாத்தும்மா மாமி, "நம்மட புள்ளையும் அந்தப் படிப்புத்தானே படிச்சி முடிச்சிரிக்கி? செப்டெம்பர்ல கொழும்புக்குப் போய்ச் சத்தியம் எடுக்கப் போறாளாமே" என்றார். அதிபர், "ஓம் ஓம், நல்லது. மருமகன்ட பைல் எல்லாம் அடுக்கிக் குடுக்க உதவியா இரிக்கும்" என்றார். எனக்கும் அது நல்ல பொருத்தமாகத்தான் பட்டது.

இனித்தான் பயமான செய்தி. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் கல் வெட்டுகிறவரை வரச் சொல்லியிருக்கிறார். வெறும் இடத்தில் உன் பெயரை வெட்டப் போகிறாராம். தம்பி, ஒரு வழி சொல். அங்கே சட்டம் படிக்க இடம் ஏதும் இருக்கிறதா? இப்போது சேர்ந்தாலும் பொய் பாதியாகக் குறையுமே.

துஆவுடன்,
ராத்தா


தோஹா
04.06.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

ஸலாம். ஹஜ்ஜுப் பெருநாள் வாழ்த்து. நான் நலம். இந்தக் கடிதத்தைக் கதவை மூடிக்கொண்டு வாசியுங்கள்.

அந்தப் பதில் நான் எழுதியது இல்லை. நுஸ்ரத் எழுதியது.

நீங்கள் நம்பர் அனுப்பிய கடிதம் வந்த அன்றே அவளுக்குப் போன் எடுத்தேன். "நான் பாண் போடுகிறவன், சட்டம் படிக்கவில்லை, ராத்தா சொன்னது பொய்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். பிறகு ஒரு சிரிப்பு. "எனக்கு அண்டைக்கே தெரியும். உங்கட ராத்தா பொய் சொல்லக்க முந்தானைத் தலப்ப முறுக்குவா" என்றாள். ராத்தா, உங்களை முதல் சந்திப்பிலேயே பிடித்துவிட்டாள். அவள் லோயராகாமல் யார் ஆவது?

பதிலைத் தன் பெயரில் கொடுத்தால் வாப்பா "பாப்பம் மகள்" என்று மேசையில் வைத்துவிடுவார், அதனால் என் பெயரில் போகட்டும் என்றாள். திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் முடித்து, சட்டக் கல்லூரிச் சோதனையும் எழுதி, கல்முனைக் கோர்ட்டில் பயிற்சியும் எடுத்தவள். எல்லாம் அந்த வீட்டில் இருந்துகொண்டுதான். நீங்கள் எனக்குச் சட்டம் படிக்க இடம் தேடுகிறீர்கள்!

எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது, ராத்தா. எழுதவே கை கூசுகிறது, ஆனால் மிகவும் பிடித்திருக்கிறது. ஊருக்கு வந்து பேக்கரி போடப் போகிறேன் என்றதும், "அடுப்பு எந்தப் பக்கம் வைப்பீங்க?" என்று கேட்டாள். இதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அவளுக்கும் சம்மதம். ஆனால் அவளுடைய வாப்பாவை ஏமாற்றி அந்த வீட்டுக்குள் நான் வரக் கூடாது என்கிறாள். நானும் அதைத்தான் சொல்கிறேன்.

அதிபருக்கு ஒரு சின்னக் கடிதம் இதற்குள் இருக்கிறது. கல்லில் உளி படுவதற்கு முன் கொடுங்கள். கொடுத்துவிட்டு ஓடக் கூடாது. முந்தானையையும் முறுக்கக் கூடாது.

றிஸ்மி


சாய்ந்தமருது
26.06.2025

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுக்குத்தான்.

நான் போய் இறங்கும்போது கல் வெட்டுகிறவர் வந்துவிட்டார். கேற்றுக்கு முன்னால் வாங்கு போட்டு ஏறி, வெண்கட்டியால் 'றி' போட்டு முடித்து, 'ஸ்' போடக் கை தூக்கிவிட்டார். நான் ஆட்டோக்காரனுக்குக் காசு கொடுக்கவும் மறந்து, "நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன். அரைத் தெரு கூடிவிட்டது.

அதிபர் உன் கடிதத்தை நின்றபடியே வாசித்தார். சத்தமாக வாசித்துப் பழகிய மனிதர் அல்லவா, பாதிக்கு மேல் சத்தமாகவே வந்துவிட்டது: "நான் சட்டம் படிக்கவில்லை. உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தியில்லை. பாண் போடுகிறேன், நன்றாகப் போடுகிறேன். பாதை பற்றிய பதில் உங்கள் மகள் எழுதியது. அதற்குரிய புள்ளி அவருக்கு. அவரைத் திருமணம் செய்ய உங்கள் சம்மதத்தைக் கேட்கிறேன்."

அப்படியே வாங்கில் இருந்துவிட்டார். கடிதத்தை நாலாக மடித்துக்கொண்டே சொன்னார்.

"எத்தின வருஷம் விடைத்தாள் திருத்தினவன் நான். ஒராள்ட புள்ளிய இன்னொராளுக்குப் போட்டதில்ல. இப்ப என்ட புள்ளைட தாளுக்கு வேற ஆளச் சிங்கம் எண்டிருக்கன்." பிறகு உள்ளே பார்த்து, "மகள், நீதானா எழுதின?"

"ஓம் வாப்பா."

"ஏன் என்னட்டச் சொல்லல்ல?"

"நான் லோயராகப் போறன் எண்டு உம்மா சொன்னாங்களே வாப்பா. பைல் அடுக்க உதவியா இரிக்கும் எண்டீங்க."

அவள் சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. டொக்டர் நிலத்தைப் பார்த்தார். பாத்தும்மா மாமி முகத்தை மறுபக்கம் திருப்பினார், சிரித்த மாதிரித்தான் எனக்குப் பட்டது. அதிபர் எழும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கல் வெட்டுகிறவர் 'றி'யை ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் போய்விட்டார். அதைப் பார்க்க எனக்குத் தாங்க முடியவில்லை.

நான்தான் மன்னிப்புக் கேட்டேன், மூடின கதவுக்கு. உன் விஷயத்தில் என்ன முடிவு என்று கேட்க எனக்கு முகம் இருக்கவில்லை.

உன்னைக் கெடுத்த,
ராத்தா


தோஹா
20.08.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

ஸலாம். எல்லோரும் சுகமா? நீங்கள் என்னை ஒன்றும் கெடுக்கவில்லை. உங்கள் பொய் இல்லாவிட்டால் அவளுடைய நம்பர் எனக்கு எங்கே கிடைத்திருக்கும்?

ஆனால் இரண்டு மாதமாக அந்த வீட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. வாப்பா முடிவு சொல்லும் வரைக்கும் கதைப்பதில்லை என்று நுஸ்ரத் சொல்லிவிட்டாள். போன வாரம் ஒரே ஒரு மெசேஜ்: "வாப்பா என்ட சட்டப் புத்தகம் எல்லாம் எடுத்து வாசிக்கிறார்." அது நல்லதா கெட்டதா என்று யோசித்தே ஒரு தட்டுச் சமூனைக் கருக்கிவிட்டேன். இங்கே வந்த நாளிலிருந்து நான் கருக்கியதில்லை.

வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் ஓம் என்றாலும் இல்லை என்றாலும் வருட முடிவுக்குள் ஊருக்கு வருகிறேன். பேக்கரி எப்படியும் போடுவேன். இல்லை என்று வந்தால், கொஞ்ச நாளைக்கு நிந்தவூர்ப் பக்கம் பாண் அனுப்ப மாட்டேன், அவ்வளவுதான்.

துஆச் செய்யுங்கள்.

றிஸ்மி


சாய்ந்தமருது
12.10.2025

மாப்பிள்ளைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்! சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு. எல்லோரும் சுகம், கோழியும் சுகம்.

போன மாதக் கடைசி வெள்ளிக்கிழமை உனக்கு 'ஓம்' என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். ஸ்பீக்கரில் நீ அழுதது மச்சானுக்குக் கேட்டுவிட்டது. இப்போது முழுக்கதையும் கேள்.

நுஸ்ரத் சத்தியப்பிரமாணம் எடுக்கிற நாளில் அதிபர் கோட்டுப் போட்டுக்கொண்டு கொழும்புக்குப் போயிருக்கிறார். அங்கே 'நுஸ்ரத் கலந்தர்' என்று கூப்பிட்டதும், பெயர் கூப்பிட்டது தன்னைத்தான் என்று நினைத்து இவரும் எழும்பி நின்றாராம். பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்து இருத்தியிருக்கிறார்கள். பாத்தும்மா மாமி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். வரும் வழி முழுக்க அதிபர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாராம்.

மறுநாள் அஸர் தொழுதுவிட்டு நேரே நம் வீட்டுக்கு வந்தார். நான் முந்தானையைக் கையால் தொடவில்லை.

"ஜுனைதா, உங்களுக்குப் பூச்சியம்" என்றார். "தம்பிக்குத்தான் என்ன போடுற எண்டு யோசிச்சிட்டு இரிந்தன். நான் அதிபரா இரிந்த காலத்தில எத்தினயோ தாய் தகப்பன் வந்து புள்ளைட ரிசல்ட்டக் கூட்டிச் சொல்லியிரிக்காங்க. பெயிலானதத் தானாவே எழுதி அனுப்பின ஆள் இவர் ஒராள்தான். சொல்லாம விட்டிரிந்தா நான் கண்டுபிடிச்சிருக்க மாட்டன். இந்தப் பொடியன நம்பி என்ட புள்ளையக் குடுக்கலாம்."

நான் தேத்தண்ணீர் ஊற்றப் போன சாட்டில் குசினிக்குள் நின்று அழுதேன்.

போன வாரம் கல் வெட்டுகிறவர் திரும்ப வந்தார். மூன்றாவது கேற்றின் வெறும் இடத்தில் இப்போது 'நுஸ்ரத் கலந்தர்' இருக்கிறது. கீழே ஏற்கெனவே வெட்டி வைத்த பட்டம். நாலைந்து வருடமாக வராத லோயர் அந்த வீட்டுக்குள்ளேயே ட்யூஷன் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அதிபரின் மூத்த மகள்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துவிட்டு, "நாங்களும் பட்டதாரிதானே வாப்பா, எங்கட பேர் எங்க?" என்று கேட்க, அவர்களுடைய கேற்றுகளின் மற்றத் தூண்களுக்கும் கல் சொல்லியாயிற்று.

உனக்கும் கல் வந்திருக்கிறது, தம்பி. மூன்றாவது கேற்றின் மற்றத் தூணில். வெட்டும்போது நான் பக்கத்தில் நின்றேன். 'றிஸ்மி மீராசாஹிபு' என்று வெண்கட்டியால் மேல் பாதியில் எழுதிவிட்டு, கல் வெட்டுகிறவர் கேட்டார்:

"சேர், கீழ என்ன போட?"

"ஒண்டும் போடாதீங்க."

"இடம் விட்டு வெக்கவா? பிறகு ஏதும் வந்தா..."

"இடமும் விடாதீங்க. அழிச்சிப்போட்டுப் பேர நடுவில வெட்டுங்க."

முதலில் பட்டம் இருந்தது, பெயர் இல்லை. இப்போது பெயர் இருக்கிறது, பட்டம் இல்லை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்து, "என்ன படிச்சவர்?" என்று கேட்கிறார்கள். அதிபர், "பாண் சுடுவார், உண்மை பேசுவார்" என்கிறார். கேட்டவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு போகிறார்கள்.

கல்யாணக் கார்ட் அச்சுக்குப் போய்விட்டது. அதே அச்சகம், இப்போது மகன் நடத்துகிறான். நேற்று அவன் போன் எடுத்தான். "ராத்தா, மாப்பிள்ளைட பேருக்கும் வாப்பாட பேருக்கும் பின்னால ஒண்டும் இல்ல. வரி அரகுறையா நிக்குது. மிச்சம் இரிக்கா?"

நான் மச்சானைக் கூப்பிட்டு, பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஜன்னலையும் திறந்துவிட்டு, இந்தத் தடவை நானே ஸ்பீக்கரில் போட்டேன்.

"அரகுற இல்ல தம்பி, அது முழுசு. நடுவில வெச்சி அடிங்க" என்றேன்.

சீக்கிரம் வந்து சேர். வரும்போது அந்தத் தொப்பியையும் கொண்டு வா, அதிபர் பார்க்க வேண்டுமாம்.

வஸ்ஸலாம்,
உன் ராத்தா ஜுனைதா